தொடர்பாக

பொருள் என்று எழுதி முக்காற்புள்ளி வைத்தேன்.
பணியமைப்பு – தேவகோட்டை சார்நிலைக் கருவூலம் –
ச. அடைக்கலமேரி, கணக்கர் –
விருப்ப ஓய்வு கோருதல் – தொடர்பாக.
இருபத்தெட்டு வருடமாக நான் எழுதிய எல்லாக் கடிதமும்
இந்தச் சொல்லில்தான் வந்து நின்றிருக்கிறது.
எதோடு எது தொடர்பு என்று
ஒருவரும் கேட்டதில்லை.

மூன்று மாத முன்னறிவிப்பு.
ஐம்பது வயது, அல்லது இருபது வருடப் பணி.
என்னிடம் இரண்டும் உண்டு.
கடன் நிலுவை இல்லை, ஒழுங்கு நடவடிக்கை இல்லை.
ஒருமுறை முத்திரையைத் தலைகீழாகக் குத்தித்
திட்டு வாங்கியிருக்கிறேன்.
அது பணிப்பதிவேட்டில் ஏறவில்லை.

காரணம் எழுத விதி ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.
கண்காணிப்பாளர் சேவுகப்பெருமாள்தான் கேட்டார்.
உடம்புக்கா? மகன் கூப்பிடுறானா?
இன்னும் எட்டு வருசம் கெடக்கேம்மா,
அகவிலைப்படி, இன்க்ரிமெண்ட், யாராவது விடுவாங்களா?
கழனிவாசல் பஸ் நிறுத்தத்தில் பூக்கார இராக்காயி
லஞ்சக் கேஸா என்று கேட்டாள்.
அன்பாகத்தான் கேட்டாள்.
வீட்டில் ஸ்டீபன் ஒன்றும் கேட்காமல்
கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

சொன்னால் சிரிப்பார்கள்.
போன ஐப்பசியில் காய்ச்சல், மூன்று நாள் தற்செயல் விடுப்பு.
இரண்டாம் நாள், செவ்வாய், காலை பதினொன்று பத்துக்கு
பர்மா காலனி வீட்டு அடுக்களைக்குள்
வெயில் வந்து உப்பு ஜாடிமேல் உட்கார்ந்தது.
ஞாயிறு அந்நேரம் செக்காலைக் கோவிலில் இருப்பேன்.
சனியென்றால் கொல்லையில் துணிக்கு நடுவே.
பத்தொன்பது வருடம் தவணை கட்டிய வீடு.
அந்த நேரத்தில் அது இப்படி இருக்கும் என்பது
எனக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே கணக்கு.
பணிக்காலத்தோடு ஐந்து வருடம் வரை கூட்டித் தருவார்கள்,
முப்பதைத் தாண்டக்கூடாது.
எனக்குத் தேறுவது ஒரு வருடம் எட்டு மாதம்,
செய்யாத வேலைக்கு அரசு போடும் கருணை மதிப்பெண்.
ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கை இன்றே விற்கலாம்;
விற்ற பங்கு பதினைந்து வருடம் கழித்து வீடு திரும்பும்,
நாம் வீட்டில் இருந்தால்.
எடுக்காத ஈட்டிய விடுப்பு இருநூற்று நாற்பது நாள்.
அதற்கும் காசு.
இருநூற்று நாற்பது பதினொரு மணி வெயில்,
ஒன்று என்ன விலை என்று வகுத்துப் பார்த்துவிட்டேன்.
சொல்லமாட்டேன்.

பக்கத்து மேசை கௌசிகா எட்டிப் பார்த்தாள்.
2003-க்குப் பிறகு சேர்ந்தவள்.
"எனக்கு இந்தக் கணக்கே கெடையாதுக்கா,
இப்பப் போனா பிடிச்ச காசுதான்."
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டு
பில்லுக்குத் திரும்பிவிட்டாள்.
அதற்குப் பதில் சொல்ல என்னிடம் விதி எண் இல்லை.
தாளை மடித்து டிராயருக்குள் தள்ளினேன்,
திருடியதைப்போல.

அன்று நேர்காணலுக்கு வந்தவர்
ஓய்வுபெற்ற சர்வேயர் காதர் மஸ்தான், எண்பத்தாறு.
உயிருடன் உள்ளார் எனக் கையொப்பமிட்டேன்.
ஒரு நாளைக்கு நாற்பது பேரை உயிரோடு இருப்பதாக
எழுதித் தருகிறவள் நான்.
மை காயும்வரை நின்றவர் கேட்டார்:
"அடுத்த வருசமும் இதே சீட்டுதானேம்மா?"
தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் ஆட்ட முடிகிறது,
அவரவர் வசதிக்கு.

ஏற்பு ஆணை வருவதற்குள் திரும்பப் பெறவும் வழியுண்டு.
அந்தக் கடிதமும் டிராயரில் தயார்,
தேதி மட்டும் போடவில்லை.
பொருள், முக்காற்புள்ளி, தொடர்பாக.

ராத்திரி ஸ்டீபன் இறங்கி வந்தார்.
"கொஞ்சம் இடிக்கும்.
ஏசி வாங்க வேணாம்.
மத்தபடி போட்டுரு."
கால்குலேட்டரை ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிட்டு
சாப்பாடு கேட்டார்.

காலையில் போட்டுவிட்டேன்.
இனிமேல்தான் ஒன்று உறைக்கிறது:
நான் விடுபடும் நாள் ஆடியில் வருகிறது.
வெயில் அதற்குள் வடக்கே நகர்ந்து
அஞ்சறைப் பெட்டிப் பக்கம் போயிருக்கும்,
அல்லது உள்ளேயே வராது.

பரவாயில்லை.
ஜாடியை நகர்த்திக்கொள்ளலாம்.